மெத்தை தடித்தால் போதுமா?

பைக் சீட் மெத்தென்று இருந்தால்தான் நீண்ட பயணம் சுகப்படும், அதற்குச் சில ஆயிரங்களைச் செலவழித்தே ஆகவேண்டும் என்கிறார் நண்பர். சமவெளியில் ஓட்டியவர் சொல்லும் தீர்ப்பு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் பார்க்கட்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு டேங்க் பக்கம் வழுக்கும். முட்டுக்கொடுத்தே மணிக்கட்டு கடுக்கும். குற்றவாளி மெத்தையின் கனமல்ல; சீட்டின் முன்சரிவும் வழவழ ரெக்சினும்தான். முன்பகுதியில் கெட்டி ஃபோம் ஒட்டிச் சமன்செய்து, சொரசொரப்பான உறை தைப்பது சீட் கடைக்காரருக்குச் சாதாரண வேலை. புது சீட் வாங்குவதைவிடச் செலவு குறைவு. தையல் வழியே மழைத்தண்ணீர் இறங்காமல் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள். குன்னூர் மழையில் ஊறிய ஃபோம் லேசில் காயாது.

சீட்டின் மேல் காற்றுத் தலையணை போட்டுக்கொள்ளும் யோசனை இன்னும் வேடிக்கை. மேட்டுப்பாளையத்தில் விறைப்பாக ஊதிக்கொண்டு 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். தலையணை உப்பிக் கல்லாகிவிடும். வழியில் காற்றைத் திறந்துவிட வேண்டியதுதான்.

இடுப்பை உலுக்குவதில் பின் ஷாக் அப்சார்பருக்கும் பங்குண்டு. பல பைக்குகளில் அதன் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பின்னால் ஆள் ஏறினால் ஒரு படி கூட்டுங்கள், தனியாகப் போனால் குறையுங்கள். இதற்குக் காசே வேண்டாம்.