காருக்கு எதற்கு இன்வெர்ட்டர்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எலெக்ட்ரிகல் தெரியாது. படிப்பது பி.காம். ஃபியூஸ் போனால் மாற்றத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியும். கார் இன்வெர்ட்டர் விற்பவர்கள் நமக்கு இந்த இரண்டும் தெரியாது என்ற தைரியத்தில்தான் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. காரில் சிகரெட் பற்றவைக்க ஒரு சாக்கெட் வைத்தார்கள் அல்லவா, அதில் வருவது 12 வோல்ட் டி.சி. கரண்ட். அதை வீட்டில் வருவது போல 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்றித் தரும் டப்பாதான் கார் இன்வெர்ட்டர். ஒரு பக்கம் லைட்டர் சாக்கெட்டில் செருகும் முனை, இன்னொரு பக்கம் வீட்டு பிளக் பாயின்ட். போன் சார்ஜரை அப்படியே கொண்டு போய்ச் செருகலாம். பார்க்க அருமையான ஐடியா!

என் மாமா டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். சின்ன ஹேட்ச்பேக் வண்டி. சவாரிக்கு வருபவர்கள் லேப்டாப் சார்ஜ் போடக் கேட்கிறார்கள் என்று 2023 நவம்பரில் ஒரு இன்வெர்ட்டர் வாங்கினார். 1,400 ரூபாய். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 500 வாட்ஸ். "டிவி, மிக்ஸி எது வேணா ஓட்டலாம் சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றாராம் கடைக்காரர். (கடையின் பெயர் வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் இதே டயலாக்தான்.) மாமாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்.

அடுத்த மாதமே மிக்ஜாம் புயல். டிசம்பர் 4 அன்று வட சென்னை எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. எங்களுக்கு மாதவரத்தில் எண்ணெய் வரவில்லை, தண்ணீர் மட்டும் முழங்கால் அளவு. கரண்ட் போனது போனதுதான். எங்கள் தெருவுக்கு மூன்றாம் நாள் ராத்திரிதான் திரும்ப வந்தது.

பாட்டிக்கு ஆஸ்துமா. ஈரக்காற்று பட்டால் இழுப்பு வந்துவிடும். வீட்டில் நெபுலைசர் இருக்கிறது, ஆனால் கரண்ட் இல்லை. "அதான் நம்மகிட்ட இன்வெர்ட்டர் இருக்கே!" என்று மாமா பெருமையாகச் சொன்னார். வண்டியை மேட்டில் நிறுத்தியிருந்தார். பாட்டியைக் குடை பிடித்து அழைத்துப் போய் முன் சீட்டில் உட்கார வைத்து, மெஷினை மாட்டி, சுவிட்சைப் போட்டோம்.

ங்ங்ங்... என்று ஒரு உறுமல். பிறகு பீப் பீப் என்று அலறல். பிறகு எதுவுமே இல்லை. சாக்கெட்டின் ஃபியூஸ் போய்விட்டது. அதுவரை அதே சாக்கெட்டில் சின்ன சார்ஜர் போட்டு எல்லாரும் போனை உயிரோடு வைத்திருந்தோம். அதுவும் போச்சு. கடைசியில் இரண்டு தெரு தள்ளி முதல் மாடியில் வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். அந்தத் தண்ணீரில் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாட்டி இப்போது நன்றாக இருக்கிறார். அந்த இருபது நிமிடத்தை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை.

கரண்ட் வந்த பிறகு அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில், கொசு எழுத்தில், தொடர் திறன் 150 வாட், உச்சத் திறன் 500 வாட் என்று இருந்தது. உச்சம் என்றால் என்ன? கண் சிமிட்டும் நேரத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. நெபுலைசரின் முதுகில் 170 வி.ஏ. என்று போட்டிருந்தது. அதிலும் அதற்குள் இருப்பது கம்ப்ரஸர் மோட்டார். மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக இழுப்பதை விடப் பல மடங்கு இழுக்கும். கடைக்காரர் சொன்ன 500 எங்கே, நிஜமான 150 எங்கே!

சரி, 150 வாட் என்றே எழுதி நியாயமாக விற்றிருந்தால்? அப்போதும் கணக்கு உதைக்கிறது. 150 வாட் வெளியே வர வேண்டுமானால், இன்வெர்ட்டர் உள்ளே தின்பது போக, சுமார் 175 வாட் பேட்டரியிலிருந்து போக வேண்டும். 12 வோல்ட்டால் வகுத்தால் பதினான்கரை ஆம்பியர். மாமா வண்டியின் சாக்கெட் ஃபியூஸ் 10 ஆம்பியர். வண்டியோடு வந்த கையேட்டில் அழகாக அச்சடித்திருக்கிறார்கள்: அதிகபட்சம் 120 வாட். நம்மூர் சின்ன கார்கள் பலவற்றில் இதுதான் நிலைமை, சிலவற்றில் 15 ஆம்பியர் இருக்கலாம். ஆக, லைட்டர் சாக்கெட்டில் செருகும் இன்வெர்ட்டரின் அட்டையில் 300, 500, 1000 என்று என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், கடைசி வார்த்தை அந்தச் சின்ன ஃபியூஸுடையது. கால் கிலோ பையில் ஒரு மூட்டை அரிசி பிடிக்கும் என்று விற்கிற வேலை இது.

இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. பழைய ஆடியோ செட்களில் பி.எம்.பி.ஓ. 5000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் ஒன்று கிடக்கிறது. நிஜத்தில் இருபது முப்பது வாட் தேறினால் பெரிய விஷயம். ஆனால் அது பாட்டு. குறைந்தால் சத்தம்தான் குறையும், மூச்சு குறையாது.

மக்கள் இந்த டப்பாவைப் பெரும்பாலும் வாங்குவது நெபுலைசருக்கு இல்லை, போன் சார்ஜ் பண்ணத்தான். இதுதான் எனக்கு இன்னும் பெரிய எரிச்சல். போன் பேட்டரி டி.சி. கார் பேட்டரி டி.சி. நடுவில் எதற்கு ஏ.சி.? 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, பிறகு சார்ஜர் அதை 5 அல்லது 9 வோல்ட்டாக இறக்கி... மாதவரத்திலிருந்து மணலிக்குச் செங்கல்பட்டு வழியாகப் போவது மாதிரி. போகிற வழியில் சுங்கம் வேறு. இன்வெர்ட்டர் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொள்ளும், சார்ஜர் மிச்சத்தில் இன்னொரு பதினைந்து சதவீதம். கைக்கு வருவது 72 சொச்சம். காரில் நேரடியாகச் செருகும் யூ.எஸ்.பி. சார்ஜர் என்றால் தொண்ணூறு வரை வரும். இரண்டு தரகர் வைத்து வீடு வாங்குபவனைப் பார்த்துச் சிரிப்போம், இதைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

5000 எம்.ஏ.எச். போன் பேட்டரிக்குள் இருப்பது ஏறக்குறைய 19 வாட்-மணிதான். இதற்குப் போய் 500 வாட்!

"லேப்டாப்புக்கு என்னப்பா பண்றது?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் லேப்டாப் சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முனை. அப்போது இன்வெர்ட்டரை விட்டால் எளிதான வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இப்போது டைப்-சி வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கு டைப்-சி சட்டப்படி கட்டாயம். டைப்-சியில் சார்ஜ் ஆகும் சாதாரண லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் போதும், அந்த அளவு தரும் கார் சார்ஜர்கள் கிடைக்கின்றன. (இதிலும் ஏமாற்று உண்டு. 100 வாட் என்று எழுதியிருந்தால் எல்லா ஓட்டைக்கும் சேர்த்தா, ஒரே ஓட்டைக்கா என்று பார்க்கவும்.) பழைய குண்டு பின் லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் 100 வாட் தொடர் திறன் உள்ள சின்ன இன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சாக்கெட்டில் செருக எதையும் வாங்காதீர்கள்.

இந்த விஷயத்தில் எங்கள் ஏரியா லாரிக்காரர்கள் நம்மை விடக் கெட்டி. மாதவரம் லாரி முனையத்தில் நிற்கும் வண்டிகளின் கேபினை எட்டிப் பாருங்கள். ஃபேன் ஓடும், ஆனால் அது லாரிக்கென்றே வரும் 24 வோல்ட் டி.சி. ஃபேன். போன் சார்ஜரும் நேரடி டி.சி. துறைமுகத்துக்குள் கன்டெய்னர் நுழைய மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தவர்கள் அவர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஒவ்வொரு ஆம்பியரையும் எண்ணிச் செலவழித்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். ஒரு டிரெய்லர் அண்ணனிடம் இன்வெர்ட்டர் பற்றிக் கேட்டேன். "அது சும்மா இருந்தாலே கரண்ட் திங்கும் தம்பி" என்றார். உண்மைதான். எதையும் மாட்டாமல் ஆன் செய்து வைத்தாலே அரை ஆம்பியர் வரை இழுக்கும் டப்பாக்கள் உண்டு. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் கரண்ட் வரும். சின்ன கார் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. ராத்திரி பத்து மணி நேரம் மறந்து விட்டால் ஏழில் ஒரு பங்கு காலி. புது பேட்டரி தாங்கும். மூன்று வருடப் பேட்டரி காலையில் கழுத்தறுக்கும்.

நிஜமாகவே 230 வோல்ட் வேண்டியவர்கள் இருக்கிறார்கள், எங்கள் பாட்டி மாதிரி. அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முதலில் மெஷினின் முதுகைப் படியுங்கள், இன்வெர்ட்டரின் அட்டையை அப்புறம் பார்க்கலாம். மோட்டார் உள்ள எதற்கும் 'பியூர் சைன் வேவ்' கேளுங்கள். வீட்டு ஏ.சி. கரண்ட் அலை மாதிரி வழுக்கி ஏறி வழுக்கி இறங்கும். மலிவு டப்பா தருவது படிக்கட்டு மாதிரி. அதை 'மாடிஃபைட் சைன் வேவ்' என்று கௌரவமாக அழைக்கிறார்கள். போன் சார்ஜர் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மோட்டார் உறுமும், சூடாகும், பலம் குறையும். 300 வாட் தொடர் திறன் என்றால் லைட்டர் சாக்கெட்டை மறந்துவிட்டு, தடித்த வயரும் தனி ஃபியூஸும் போட்டு நேராக பேட்டரியில் கொடுக்க வேண்டும். அதை ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் செய்யட்டும், நாம் வேண்டாம். மொத்தச் செலவு 1,400 ரூபாயில் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவர்தான் அந்தக் கடைக்காரர் :-)

நாங்கள் அந்த வழிக்கே போகவில்லை. பாட்டியின் டாக்டரிடம் கேட்டுவிட்டு, பேட்டரியிலும் யூ.எஸ்.பி.யிலும் ஓடும் சின்ன மெஷ் நெபுலைசர் வாங்கினோம். பவர் பேங்க் போதும்.

இனி சட்டம். (என் சப்ஜெக்ட், விடமாட்டேன்.) நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தன்மை, தரம், அளவு பற்றி ஆளைத் தவறாக நினைக்க வைக்கும் விளம்பரம் அதன்படி குற்றம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. முன்னால் கொட்டை எழுத்தில் 500, அடியில் கொசு எழுத்தில் 150 என்பது இதில் வராது என்றால் வேறு எதுதான் வரும்? "கீழே போட்டிருக்கோமே சார்" என்பது பதில் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் முன்னால் 500 கிராம் என்று போட்டு, பின்னால் 'நிஜ எடை 150' என்று எழுதினால் விடுவோமா? தொடர் திறனை மட்டுமே பெரிய எழுத்தில் போட வேண்டும், உச்சத் திறன் அட்டையின் முன்பக்கம் வரவே கூடாது. இதைச் சொல்ல இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

மாமா டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். "ஃபியூஸ் போனது உங்க வண்டி கோளாறு" என்றார்கள். 1915க்கு அடித்துப் புகார் கொடுக்கலாம் என்றேன். பில் கேட்டால், பில் இல்லை. பில் போட்டால் நூறு ரூபாய் கூட ஆகும் என்று சொன்னார்களாம். நூறு ரூபாய் மிச்சம்!

பி.கு. 1: 12 வோல்ட் இன்வெர்ட்டரை லாரியில் செருகாதீர்கள். லாரியில் 24 வோல்ட், டப்பா அங்கேயே சமாதி.

பி.கு. 2: புயல் நேரத்தில் காரை ஸ்டார்ட்டில் வைத்து சார்ஜ் போடுபவர்கள், மூடிய ஷெட்டுக்குள்ளோ தரைத்தள பார்க்கிங்கிலோ வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சைலன்சர் குழாய் வரை தண்ணீர் இருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம்.