சோளன் ரொட்டி

கோதுமை நம் நாட்டில் விளைவதன்று, கப்பலேறி வருவது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கோதுமை மாவின் விலை எட்டாது உயர்ந்தபோது, பூவரசங்குளத்தில் எம் அடுக்களையிலே சோளன் ரொட்டி மீண்டும் மணக்கலாயிற்று.

சோளன் மாவில் இழுவைத் தன்மை இல்லை, இழுத்தால் விண்டுபோம். ஆதலின் என் இல்லாள் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, வாழையிலையில் தட்டி, கல்லிலே இருபுறமும் சிவக்கச் சுட்டெடுப்பாள். சூடு ஆறுமுன் சம்பலோடு பிட்டு உண்ணும் இன்பத்தை உண்டவரே அறிவர்.

அண்மையில் ஒரு மாணவன் அவ்வுணவைக் கையால் மறைத்து உண்ணக் கண்டேன். காரணம் வினவினேன். "சேனைச் சாப்பாடெண்டு சிரிப்பினம், ஐயா" என்றான். அவனிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, எல்லோருங் காண உண்டேன்.

சோளனும் பிறநாட்டதே, மெக்சிக்கோவிற் பிறந்தது. ஆயினும் நம் சேனை மண்ணில் வேரூன்றி, நம்மவர் வியர்வையில் விளைந்தமையால் நமதாயிற்று. தன் தாயும் தந்தையும் விளைத்துச் சுட்ட உணவுக்கு ஒரு பிள்ளை நாணுவதோ? ஆசிரிய அன்பர்களே, ஏட்டிலுள்ள பிழைகளைத் திருத்துமுன் இந்நாணத்தைத் திருத்துவோமாக.