கட்டளை நம் கையில் இருக்கட்டும்



ஊரை விட்டு ஐதராபாத்துக்குப் படிக்க வந்த நாம், பெட்டி படுக்கையோடு மடிக்கணினி ஒன்றையும் சுமந்து வந்தோம். சிலருக்கு அது தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது. சிலருக்கு அண்ணனோ அக்காளோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. சிலர் செகந்தராபாத் செனாய் டிரேடு சென்டரில் பழையதாகப் பார்த்து வாங்கினர். எப்படி வந்ததாயினும், நம் ஆய்வேடும் குறிப்புகளும் அதற்குள்ளேதான் குடியிருக்கின்றன.

அத்தகைய கருவிக்கு ஒரு நாள், இனிப் பாதுகாப்புத் திருத்தம் இல்லை என்ற அறிவிப்பு வந்தால் என் செய்வது? வந்தே விட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளன்று விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. கூடுதலாக ஓராண்டுக்குத் திருத்தம் பெற வழி செய்ததாயினும், தவணை தவணைதானே! விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய செயலிகள் பலவற்றை அது ஏற்பதில்லை. விசைப்பலகை பழுதில்லை, திரை பழுதில்லை, ஆயினும் கருவி கிழடென்று ஒதுக்கப்படுகின்றது. உதவித்தொகையை நம்பி வாழும் மாணவன் புதியதற்கு எங்கே போவான்?

போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஒருமுறை நிறுவிக்கொண்டு, அதன்பின் வரும் புதிய பதிப்புகளுக்குக் கட்டளை வரியின் துணையால் நாமே மாறிக்கொள்ளலாம். அந்தப் பழக்கம் ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும்; பொறியியல் மாணவருக்கு மட்டுமன்று.

இது நமக்கு அயலான செய்தியும் அன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. அரசு தந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசின் பக்கத்திலேயே அதுவும் இருந்தது. திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? நாம் வாழும் இந்நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1998-இல் மைக்ரோசாஃப்ட் தன் வளர்ச்சி மையத்தைத் தொடங்கிய ஊர் இது. 2005-இல் தெலுங்கிலேயே இயங்கும் 'ஸ்வேச்சா' இயங்குதளம் வெளிவந்ததும் இதே ஊரில்தான். பாசுக்கும் ஸ்வேச்சாவுக்கும் அடித்தளம் ஒன்றே: 1993-இல் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்துவரும் டெபியன்.

டெபியனின் 12-ஆம் பதிப்புக்குப் 'புக்வோர்ம்' என்று பெயர். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்புக்கு 'டிரிக்சி' என்று பெயர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது எங்ஙனம்? முதலில் நம் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். இருக்கும் பதிப்பை முழுமையாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பிறகு, மென்பொருள்கள் எங்கிருந்து வரவேண்டும் என்று குறித்திருக்கும் கோப்பில் பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை எழுத வேண்டும். 'ஆப்ட் அப்டேட்' என்று தட்டினால் புதிய பட்டியல் வரும். 'ஆப்ட் அப்கிரேடு' என்பதைப் புதிய பொதிகள் வேண்டாம் என்ற குறிப்போடு தட்டினால் பாதி வேலை முடியும். 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு' மீதியை முடிக்கும். கடைசியில் கணினியை அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். அவ்வளவே.

"பொத்தானை அழுத்தினால் போதாதா? கறுப்புத் திரையும் ஆங்கிலச் சொல்லும் எதற்கு?" என்று தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொத்தானை அழுத்தியபின் நாம் காண்பது சுழலும் வட்டம் ஒன்றே. உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது, பொறுத்திருக்க வேண்டியதுதான். கட்டளை வரியோ பேசுகின்றது. இன்னின்ன பொதிகள் புதிதாக வரும், இன்னின்னவை நீக்கப்படும், இவ்வளவு இடம் வேண்டும் என்று பட்டியலிட்டுவிட்டு, "தொடரலாமா?" என்று கேட்டு நிற்கின்றது. நமக்கு வேண்டிய மென்பொருள் நீக்கப் பட்டியலில் இருந்தால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். நாம் கைப்படத் திருத்திய அமைப்புக் கோப்பைக் கண்டால், "உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதை இடவா?" என்றும் வினவுகின்றது. உடைமையாளனை உடைமையாளனாக மதிக்கும் முறை இதுவன்றோ?

இன்னுமொன்று. பாதி வழியில் மின்சாரம் போய்விட்டால், வண்ணத் திரை எழாமற் போகலாம். அப்போதும் கறுப்புத் திரை பெரும்பாலும் எழும். விட்ட இடத்திலிருந்து அமைப்பை முடிக்க அதற்கென ஒரு கட்டளை உண்டு. அந்த ஒரு வரியைத் துண்டுத்தாளில் எழுதித் தரலாம். மதுரையிலிருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லியும் தரலாம். சொல்லால் ஆனது என்பதால்தான் அது கைமாறுகின்றது. ஆங்கிலச் சொற்கள் பத்துக்குள் அடங்கும். மிதிவண்டிக்குக் காற்றடிக்க உலோகவியல் பயில வேண்டுமா?

ஆயினும் எச்சரிக்கை தேவை. எவரோ சொன்னார் என்று பொருள் அறியாத கட்டளையைத் தட்டலாகாது. நிருவாக உரிமையோடு இட்ட கட்டளை, நல்லதையும் கேட்கும், கெட்டதையும் கேட்கும். மிகப் பழைய 32 பிட் இயந்திரங்களுக்கு டெபியன் 13-இல் நிறுவி இல்லை. அவற்றுக்கு வேறு வழி தேட வேண்டும். சில துறைகளுக்குரிய மென்பொருள்கள் விண்டோசில் மட்டுமே இயங்கும். அத்துறை மாணவர்கள் ஆராய்ந்து முடிவு செய்க. கைப்பேசியில் இதைச் செய்ய முனைவோர், பூட்டைத் திறக்கும்போது உள்ளிருப்பவை அனைத்தும் பொதுவாக அழிந்துபோகும் என்பதையும், வங்கிச் செயலிகள் சில பின்னர் இயங்க மறுக்கலாம் என்பதையும் அறிந்து இறங்குக.

இவற்றைத் தனியே செய்ய அஞ்சுவது இயல்பு. கூடிச் செய்தால் அச்சம் பாதியாகும். ஆகவே நம் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பேச்சுப் போட்டியும் நடத்தும் நாம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கு ஒதுக்கலாகாதா? வேண்டுவன அதிகமில்லை: ஓர் அறை, படியெடுக்கப் பொதுவில் ஒரு வட்டு, செய்து பழகிய மூத்த மாணவர் இருவர், தமிழில் எழுதிய ஒரு பக்க வழிகாட்டி. தம் மொழியில் இயங்குதளமே கண்ட தெலுங்கு நண்பர்களையும் அழைப்போம். கற்றுக்கொண்டவர் அடுத்த மாதம் இன்னொருவருக்குக் கற்றுத் தரட்டும்.

அடுத்த பருவம் தொடங்குமுன் முதல் மாலை நடந்தால் நன்று. ஆய்வேடு ஒப்படைக்கும் வாரத்தில் எவரும் மேம்படுத்த வேண்டாம்!