குறிஞ்சிப்பாட்டுத் தலைவன் யானைக்கு அஞ்சியா வாக்களித்தான்?

குறிஞ்சிப்பாட்டுக்கு அடிக்கடி சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. மதயானை வந்தது, தலைவி நடுங்கினாள், தலைவன் காத்தான், அந்த வேகத்தில் மணப்பதாக வாய்விட்டான். 261 அடிகளையும் ஒருமுறை வரிசையாகப் படித்தவர் இப்படிச் சொல்லத் துணியமாட்டார்.

யானை வருவதற்கு முன்பே அவன் பேச்சைத் தொடங்கிவிட்டான். தப்பிய விலங்கைத் தேடுவதாக வினவுகிறான். விடை கிடைக்காதபோது, பேசுவதும் பழியாகுமோ என்கிறான். நாய்களை அடக்கிவிட்டு மறுமொழிக்குக் காத்து நிற்கிறான். கெடுதி வினாதல் என்று அகமரபு பெயரிட்டு வைத்திருக்கும் சூழ்ச்சிதான் இது. யானை அவனுக்கு நெருக்கத்தைத் தந்தது, நோக்கத்தைத் தரவில்லை.

வாக்கின் பொருளையாவது பார்க்க வேண்டாமா? வாயில் அகலத் திறந்த வீட்டில் வருவோர்க்கெல்லாம் அவள் உணவிட வேண்டும், விருந்தினர் உண்டு எஞ்சியதைத் தான் அவளோடு உண்ண வேண்டும் என்கிறான். குண்டலுபேட்டை தாண்டிப் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் யானையை எதிர்கொண்ட எவருக்கும் உயிர் நினைவு வரும். விருந்தோம்பல் நினைவு வராது. பிறகு மலையுறை கடவுளை வாழ்த்தி அருவிநீரைக் குடித்துச் சூளுரைக்கிறான். மாலையில் ஊரெல்லை வரை உடன்வந்து, நாடறிய மணம் நிகழும், சில நாள் கலங்காதிருங்கள் என்று மீண்டும் சொல்கிறான். பகலின் பதற்றம் அந்தி வரைக்குமா நீடிக்கும்?

இவையெல்லாம் தோழியின் கூற்றுதானே, செவிலியிடம் அறத்தொடு நிற்பவள் வேறெப்படிச் சொல்வாள் என்ற மறுப்பு வலுவானது. சந்திப்பு தற்செயலாக இருந்தால்தான் தலைவி மீது பழி வராது. சூள் தெளிந்த மனத்தோடு உரைக்கப்பட்டிருந்தால்தான் தலைவன் நழுவ முடியாது. அவள் தேர்ந்து சொல்கிறாள் என்பது உண்மை. ஆனால் கபிலர் நமக்குத் தந்த சாட்சி அவள் ஒருத்தியே. அவளைத் தள்ளிவிட்டால் யானையும் கூடவே போய்விடும்! யானையை மட்டும் அவளிடம் வாங்கிக்கொண்டு சூளை மறுப்பது என்ன ஆய்வு நெறி?

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. மணப்பதாகப் பொய்யாக வாக்களித்துக் கூடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கும் இந்நாளிலும், வாக்களித்தபோது அவன் மனத்தில் இருந்தது என்ன என்பதே முதற்கேள்வி. ‘ஏதோ வேகத்தில் சொன்னான்’ என்பது ஆணுக்குக் கிடைக்கும் மிக மலிவான விடுதலை. அதைக் குறிஞ்சிப்பாட்டுத் தலைவன் கேட்கவே இல்லை. உரைகாரராக வந்த நாம் ஏன் வலிந்து கொடுக்கிறோம்?

இதே கபிலர் குறுந்தொகை 25இல் குருகொன்றைத் தவிரச் சாட்சியே இல்லாத ஒருத்தியையும் பாடினார். இங்கே அருகில் நின்று பார்த்த தோழி இருக்கிறாள். இளமையால் அவன் வரம்பு கடக்கவில்லை, வளத்தால் நிலை திரியவில்லை என்று அவளே செவிலியிடம் சொல்லவும் செய்கிறாள்.