கூட்டம் கூடாத நாட்களின் கணக்கு

சட்டமன்றத்தில் வைக்கப்படும் துணை மானியக் கோரிக்கைப் புத்தகத்தைப் புரட்டுகிறவர் கண்ணில் ஒரு தொகை திரும்பத் திரும்பப் படும்: ஆயிரம் ரூபாய். ஒரு துறைக்குக் கட்டடம், இன்னொரு துறைக்கு வண்டிகள், வேறொன்றுக்குப் புதிய திட்டம். எதிரே ஆயிரம் ரூபாய். இது அச்சுப்பிழை அல்ல. அந்தச் செலவுக்கு அரசு ஏற்கெனவே ஆணை பிறப்பித்துவிட்டது. பணத்தை அதே மானியத்தில் வேறு எங்கோ மிச்சமானதிலிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறது. ஆனால் செலவு 'புதுப்பணி' என்ற வகைக்குள் வருவதால், சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு அடையாளமாக வைப்பதுதான் இந்த ஆயிரம். அதன் பின்னால் நிற்பது சில லட்சமாக இருக்கலாம், பல கோடியாகவும் இருக்கலாம். விளக்கக் குறிப்பில் செலவு இன்னதென்று சில வரிகள் இருக்கும். மிச்சம் என்று சொல்லப்படும் பணம் எந்த வேலை நின்றுபோனதால் மிச்சமானது என்ற கேள்விக்கு அங்கே விடை தேடினால் கிடைப்பது அரிது. வரவேண்டிய ஒன்றுக்கு ஒப்புதல் கேட்கிறார்கள். அதற்காகக் கைவிடப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேசுவதில்லை.

நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரம் ஒன்றியத்தில் இருந்துகொண்டு சென்னைக் கோட்டையின் கணக்கு நடைமுறையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். கைவிடப்பட்ட அந்த வேலைக்கு ஓர் ஊர் இருக்கிறது என்பதுதான் காரணம். நிதிநிலை அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டு வாங்கிய ஒரு சாலையோ பள்ளி வகுப்பறையோ, ஆண்டு நடுவில் ஓர் உத்தரவால் வலுவிழந்து, மார்ச் மாதக் கடைசியில் 'ஒப்படைப்பு' என்ற ஒற்றைச் சொல்லாகக் கணக்கில் முடிந்துபோகலாம். சத்துணவு முட்டைக்கு ஒதுக்கிய தொகை கூடினாலும் குறைந்தாலும் முதலில் உணர்வது நாமக்கல் பண்ணைக்காரர். ஆண்டுத் தொடக்கத்தில் மானியங்களின் மீது வாரக்கணக்கில் பேசும் சட்டமன்றம், அந்த மானியங்கள் ஆண்டு நடுவில் உருமாறும்போது எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கும் உரிய கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் இல்லை. சட்டத்தின் வழியாக அன்றி மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 266-ஆம் பிரிவு. ஒதுக்கியது போதாவிட்டாலோ, புதிய செலவு வந்தாலோ துணை மானியம் கேட்க 205-ஆம் பிரிவு வழி தருகிறது. சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாத அவசரத்துக்கு, 267-ஆம் பிரிவின்படி எதிர்பாராச் செலவு நிதி இருக்கிறது. அதிலிருந்து முன்பணம் எடுத்துச் செலவழித்து, பின்னர் துணை மானியத்தின் மூலம் திருப்பி நிரப்ப வேண்டும். இவற்றோடு, ஒரே மானியத்துக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணத்தை மாற்றும் 'மறு ஒதுக்கீடு' நிதித்துறையின் கையில் இருக்கிறது. ஒரு மானியத்திலிருந்து இன்னொரு மானியத்துக்கு மாற்றக் கூடாது, வருவாய்ச் செலவையும் மூலதனச் செலவையும் கலக்கக் கூடாது என்று வேலிகளும் உண்டு. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் நகரும் நாளுக்கும் சட்டமன்றத்துக்குத் தெரியும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் போகலாம் என்பதற்கு இருக்கும் ஒரே கெடு, இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 6 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிற 174-ஆம் பிரிவுதான்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, எவரும் குறை சொல்லாத ஒரு திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022-23 நிதிநிலை அறிக்கை அந்த ஆண்டு மார்ச் 18 அன்று தாக்கலானது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அறிவிக்கப்பட்டது மே 7 அன்று, பேரவை விதி 110-இன் கீழ். அந்த விதியின் கீழ் வரும் அறிவிப்பின் மீது விவாதம் கிடையாது. சில நாட்களில் கூட்டத்தொடர் முடிந்தது. செப்டம்பர் 15 அன்று மதுரையில் திட்டம் தொடங்கியது: முதற்கட்டமாக 1,545 தொடக்கப் பள்ளிகள், 33.56 கோடி ரூபாய். பேரவை மறுபடி கூடியதோ அக்டோபர் 17-இல். பசித்த வயிற்றோடு பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு ஒரு மாதம் முன்பே உப்புமாவும் பொங்கலும் கிடைத்தது நல்லது; அதைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட ஐந்து மாதத்தில், இந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது, அடுத்த ஆண்டு எல்லாப் பள்ளிக்கும் விரிந்தால் என்ன ஆகும் என்று உறுப்பினர் எவரும் கேட்டுப் பதில் பெற ஓர் இடம் இல்லை. நல்ல திட்டத்துக்கே இடமில்லை என்றால், ஐயத்துக்குரிய செலவுக்கு எப்படி இருக்கும்? விதி 110 அறிவிப்புகள் எந்த ஒரு கட்சியின் பழக்கமும் அல்ல. 2011-க்குப் பிந்தைய அ.தி.மு.க. ஆட்சியில் அவை மழையாகப் பொழிந்தன. அதை எதிர்த்துப் பேசியவர்கள் ஆட்சிக்கு வந்தபின் அவர்களும் அதே விதியைக் கையில் எடுத்தார்கள்.

2020 இன்னும் கடுமையான உதாரணம். கொரோனா ஊரடங்கால் மார்ச் 24 அன்று ஒத்திவைக்கப்பட்ட பேரவை, செப்டம்பர் 14 அன்றுதான் கலைவாணர் அரங்கில் கூடியது. ஆறு மாதக் கெடுவுக்குச் சில நாள் முன்பு. மருந்து, படுக்கை, நிவாரணம் என்று மாநிலத்தின் செலவுப் போக்கே தலைகீழாக மாறியிருந்த அந்த இடைக்காலம் முழுவதும், சட்டமன்றத்தின் சார்பில் ஓர் எட்டுப் பேராவது அந்த மாற்றங்களைப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. பின்னர் நடந்த கூட்டமோ மொத்தம் மூன்றே நாள். அதற்குள் 12,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட துணை மானியங்களும் நிறைவேறின. தொற்றுக் காலம் என்று அதை விட்டுவிடலாம். 2024 டிசம்பரில் தொற்று எதுவும் இல்லை. 9, 10 ஆகிய இரண்டே நாள் கூடிய பேரவையில், முதல் நாள் தாக்கலான 3,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட துணை மானியக் கோரிக்கை மறுநாளே நிறைவேறியது. அதே கூட்டத்தில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானமும் வந்தது. நாட்டின் கவனம் அதில் இருந்தது, இருக்க வேண்டியதுதான். ஓர் இரவுக்குள் அந்தப் புத்தகத்தைப் படித்து, துறைக்குத் துறை கேள்வி தயாரிக்க எந்த உறுப்பினரால் முடியும்?

மானியத்தை மறுக்கச் சட்டமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் எளிதில் வந்ததில்லை. நம் மாவட்டத்துக் குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த 1926-30 காலத்தில், நடப்பிலிருந்தது 1919-ஆம் ஆண்டின் இரட்டையாட்சிச் சட்டம். போலீஸ், நிதி, நிலவரி போன்ற 'ஒதுக்கப்பட்ட' துறைகளுக்கான மானியத்தைச் சட்டசபை மறுத்தால், அது அவசியம் என்று ஆளுநர் சான்றளித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மறுக்க முடிந்தது, மறுப்புக்குப் பலன் இல்லை. அந்த அவமானத்தைக் கண்டவர்களின் தலைமுறைதான், மானியத்துக்குச் சம்மதிக்கவும் மறுக்கவும் குறைக்கவும் சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு என்று 203-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. செலவு முடிந்தபின் கேட்கப்படும் சம்மதத்தை மறுத்து என்ன பயன்? போன பணம் திரும்பாது. சான்றளிக்க ஆளுநர் தேவையில்லாமலேயே பழைய நிலை பாதி திரும்பிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்கக் கோட்டைக்குப் போக வேண்டாம். ஊராட்சியைப் பார்த்தால் போதும். 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும். அங்கே வரவு செலவு பொதுமக்கள் முன் வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. குறைகள் ஆயிரம் இருக்கட்டும். மரவள்ளிக் காட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர் எழுந்து நின்று கேட்கும் உரிமை அங்கே உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்குக் கூட்டமில்லா நாட்களில் அந்த அளவு உரிமையும் இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஒன்றியக் குழு இல்லாத காலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த கண் என்று மிஞ்சுவது சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே. அவருக்கும் தெரியாமல் ஒதுக்கீடு மாறுகிறது என்றால், யாரிடம் போய்க் கேட்பது?

கூட்டமில்லா நாட்களிலும் இந்த மாற்றங்களைப் பார்க்கச் சட்டமன்றக் குழு ஒன்று வேண்டும் என்பதே நம் கோரிக்கை. இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, வெள்ளமும் புயலும் குழுக் கூட்டத்துக்குக் காத்திருக்காது என்பது. உண்மை. அதற்காகத்தான் எதிர்பாராச் செலவு நிதி. அதில் கை வைக்க வேண்டாம். நாம் கேட்பது முன் அனுமதி அல்ல, உடனடித் தகவல். பணம் எடுத்த 15 நாளுக்குள் எவ்வளவு, எதற்கு, ஏன் காத்திருக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுப்பதால் எந்த நிவாரண லாரியும் வழியில் நிற்காது. இரண்டாவது மறுப்பு, பொதுக் கணக்குக் குழுவும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரும் இருக்கிறார்களே என்பது. தணிக்கை அறிக்கைகள் ஒரே குறையை ஆண்டுதோறும் சுட்டி வருகின்றன: முதலில் ஒதுக்கியதே செலவாகாத துறைகளுக்குத் துணை மானியம் வாங்கப்பட்டிருக்கிறது; மார்ச் கடைசியில் பெருந்தொகைகள் ஒப்படைக்கப்படுகின்றன; ஒதுக்கியதற்கு மேல் செய்த செலவு முறைப்படுத்தப்படாமல் கிடக்கிறது. ஆண்டு முடிந்து, கணக்கு மூடி, அறிக்கை அச்சாகி, குழு அதை எடுத்துக்கொள்ளும்போது உத்தரவு போட்ட செயலாளர் இரண்டு துறை மாறியிருப்பார். அறிவு வருகிறது, ஆனால் காலம் கடந்து. பொதுக் கணக்குக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சிக்குத் தரும் வழக்கம் நாடாளுமன்றத்தில் 1967-லிருந்து இருக்கிறது. இங்கே 2021-க்குப் பின் அது ஆளும் கூட்டணிக் கட்சி ஒன்றின் உறுப்பினரிடம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது மறுப்பே கனமானது. ஆளும் கட்சியின் பெரும்பான்மை குழுவிலும் இருக்கும். அது வெறும் முத்திரை குத்தும். அல்லது அதிகாரம் கைக்கு வந்தால் அரசை முடக்கும் என்பார்கள். அமெரிக்க மாநிலங்களின் அனுபவம் இரண்டு அச்சத்துக்கும் ஆதாரம் தருகிறது. ஒஹையோவில் ஆண்டு நடுவில் வரும் நிதி மாற்றங்களுக்கு அனுமதி தர ஏழு பேர் கொண்ட ஒரு வாரியம் உண்டு. அவர்களில் ஆறு பேர் சட்டமன்றத்தினர். 2013-இல், ஏழைகளுக்கான மருத்துவ உதவியை விரிவாக்கச் சட்டமன்றம் இணங்காத நிலையில், ஆளுநர் அந்த வாரியத்திடம் போனார். 5-க்கு 2 என்று அனுமதி கிடைத்தது. விளைவு ஏழைகளுக்கு நன்மை. ஆனாலும் முழு அவை தராததைச் சிறு குழு தந்துவிட்டது. விஸ்கான்சினில் நேர் எதிர்: குறிப்பிட்ட நாளுக்குள் நிதிக் குழுவில் எவரேனும் ஆட்சேபித்தால் செலவு நின்றுவிடும். நிலப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் இந்தத் தடுப்பதிகாரம் செல்லாது, செலவழிப்பது நிர்வாகத்தின் வேலை என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது இது: குழுவுக்கு அவையின் அதிகாரத்தையும் தரக் கூடாது, அரசின் அதிகாரத்தையும் தரக் கூடாது. பார்க்கவும், அழைத்துக் கேட்கவும், எழுதி வெளியிடவும் மட்டும் அதிகாரம் போதும். முத்திரை குத்தும் குழுவே ஆனாலும், அதன் முன் வைத்த தாள் எல்லோருக்கும் கிடைக்கும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுதும் மாறுபட்ட குறிப்பும் அதனோடு அச்சாகும். கட்சிக் கொறடாவால் வாக்கைக் கட்டலாம், கேள்வியைக் கட்ட முடியாது.

கேரளம் 1980-லேயே துறைவாரிப் பொருட்குழுக்களை அமைத்து, மானியக் கோரிக்கைகளை அவற்றின் பார்வைக்கு அனுப்பத் தொடங்கியது. நாடாளுமன்றம் 1993-இல் அதைப் பின்பற்றியது. வரவு செலவில் கேரளத்தைவிடப் பெரிய தமிழ்நாட்டில் மானியக் கோரிக்கைகள் இன்றும் நேரே அவைக்கே வருகின்றன. ஆண்டு மானியத்துக்கான குழுக்களை அமைக்க நாளாகலாம். இடைக்கால மாற்றங்களுக்கு ஒரு குழுவை உடனே அமைக்கலாம். எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவராக, பதினைந்து பேருக்கு மிகாமல், கூட்டத்தொடர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை கூடும் குழு. எதிர்பாராச் செலவு நிதியின் ஒவ்வொரு முன்பணமும், ஒரு வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு மறு ஒதுக்கீடும், விதி 110 அறிவிப்பு ஒவ்வொன்றின் நிதி ஆதாரமும் அதன் முன் வர வேண்டும். ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை ஒவ்வொன்றின் எதிரிலும் உண்மையான தொகையும், எந்த வேலையிலிருந்து அந்தப் பணம் எடுக்கப்பட்டது என்பதும், அந்த வேலையின் மாவட்டமும் அச்சாக வேண்டும். துணை மானியம் தாக்கலான நாளுக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே குறைந்தது ஒரு வாரம் இடைவெளி வேண்டும்.

இதற்கு டெல்லியின் தயவு தேவையில்லை. அரசமைப்புத் திருத்தமும் வேண்டாம். தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ள 208-ஆம் பிரிவு பேரவைக்கு உரிமை தந்திருக்கிறது. விதிகள் குழு கூடி, பேரவை விதிகளில் இதற்கென ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தால் முடிந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், அடுத்த துணை மானியக் கோரிக்கை அவைக்கு வருமுன் இந்தத் திருத்தத்தைப் பேரவைத் தலைவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். கேட்டார்களா என்பதைத் தொகுதி மக்களிடமும் சொல்ல வேண்டும்.