கவுன்ட்டர்ல எல்லாருக்கும் ஒரே ரேட்டு... கோர்ட்டுலதான் வேற!

இந்த வாரம் ஒரு குட்டி குவிஸ். ராஜபாளையத்துல உங்க வீட்டுல ஒரு 125 சி.சி. பைக் இருக்கு. அதுல அப்பா மார்க்கெட்டுக்கு முப்பதுல உருட்டிட்டுப் போவார். அதே வண்டியில நீங்க மதுரை ரோட்டைப் பிடிச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில் காலேஜுக்கு எண்பதுல பறப்பீங்க. யார் ஓட்டினா இன்சூரன்ஸ் பிரீமியம் அதிகம்?

'நமக்குத்தான்'னு சொன்னவங்க எல்லாம் அவுட்! யார் ஓட்டினாலும் ஒரே ரேட்டுதான்.

சட்டப்படி கட்டாயமா எடுக்க வேண்டியது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ். அதாவது நம்ம வண்டியால அடுத்தவருக்கு அடிபட்டா, அவருக்குக் கொடுக்கிற காசு. இதோட ரேட்டை கம்பெனி தீர்மானிக்கிறது இல்லை, மத்திய அரசு அறிவிக்குது. 2022 ஜூன் 1-ம் தேதி அமலுக்கு வந்த அறிவிப்புப்படி, 75-லிருந்து 150 சி.சி. வரை பைக்குக்கு வருஷத்துக்கு 714 ரூபாய். 350 சி.சி. வரை 1,366. அதுக்கு மேல 2,804. கார்னா 1000 சி.சி.க்குள்ள 2,094, 1500 வரை 3,416, அதையும் தாண்டினா 7,897. ஜி.எஸ்.டி. தனி. இந்தக் கணக்குல இன்ஜின் சைஸ் மட்டும்தான் இருக்கு. உங்க வயசு, நீங்க எத்தனை தடவை விழுந்து எந்திரிச்சீங்க... எதையும் யாரும் கேக்க மாட்டாங்க.

அமெரிக்காவுல கதையே வேற. அங்கே டீன் ஏஜ் பசங்கன்னாலே பிரீமியம் எகிறும். தண்ணி அடிச்சிட்டு ஓட்டி மாட்டினா, பல மாநிலங்கள்ல 'எஸ்.ஆர்.22'னு ஒரு சான்றிதழை இன்சூரன்ஸ் கம்பெனி மூலமா அரசாங்கத்துக்குக் கொடுக்கணும். 'இவர் ரிஸ்க்கான பார்ட்டி'னு முத்திரை குத்தின மாதிரி! அதுக்கப்புறம் வர்ற பில்லைப் பார்த்தே பாதிப் பேர் பஸ்ஸுக்கு மாறிடுவாங்க.

நம்ம ஊர்லயும் அந்தக் காத்து லேசா வீச ஆரம்பிச்சிருக்கு. டிராஃபிக் விதியை மீறுறவங்களுக்குத் தனி பிரீமியம் போடலாம்னு 2021 ஜனவரியில ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைச்ச குழு யோசனை சொன்னது. எப்படி ஓட்டுறோம்னு பார்த்து ரேட் போடுற பாலிசிகளுக்கு 2022 ஜூலையில அனுமதி கிடைச்சது. ஆனா அது நம்ம வண்டி டேமேஜுக்கான பாலிசியில மட்டும்தான்.

'அப்ப நம்ம ஊரு சூப்பர்தானே பாஸ்?'

அவசரப்படாதீங்க. ரிஸ்க்கா ஓட்டுறதுக்கு இங்கேயும் பில் உண்டு. என்ன, கவுன்ட்டர்ல வராது. ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் வரும். அதுவும் அப்பா பேருக்கு வரும்!

கொடுத்துட்டு வசூல்!

ஒரு உதாரணம். ஸ்பின்னிங் மில்லுல ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்ல போற ஒருத்தர் மேல நீங்க மோதிடறீங்க. அவருக்குக் கால் போச்சு. கோர்ட் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லுதுன்னு வைங்க. உங்களுக்கு லைசென்ஸ் இருக்கு, பாலிசியும் உயிரோட இருக்குன்னா, கம்பெனி அந்தக் காசைக் கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் கோர்ட் எவ்வளவு சொன்னாலும் உச்சவரம்பு கிடையாது. 714 ரூபாய்க்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

லைசென்ஸ் இல்லைன்னா? 2004-ல சுவரண் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் இதை விரிவாப் பேசியிருக்கு. பாதிக்கப்பட்டவர் நடுத்தெருவுல நிக்கக் கூடாது, அதனால முதல்ல கம்பெனி காசைக் கொடுக்கட்டும். வண்டி ஓனர் தெரிஞ்சே லைசென்ஸ் இல்லாதவர்கிட்ட சாவியைக் கொடுத்திருந்தா, கம்பெனி அதை ஓனர்கிட்ட திரும்ப வசூல் பண்ணிக்கலாம். கோர்ட் பாஷையில 'பே அண்ட் ரெகவர்'. ஆர்.சி. புக்கைத் திறந்து ஓனர் யாருன்னு பாருங்க. அப்பா பேர்தானே இருக்கு?

இன்சூரன்ஸே இல்லைன்னா இன்னும் மோசம். முழுக் காசும் ஓனர் தலையில. கட்டலைன்னா, நில வரி பாக்கியை வசூல் பண்ற மாதிரி கலெக்டர் மூலமா வசூல் பண்ண மோட்டார் வாகனச் சட்டத்தோட 174-வது பிரிவுல வழி இருக்கு. வீடு, காடு கரை எல்லாம் அதுல மாட்டும். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினா முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம், மூணு மாசம் வரை ஜெயிலும் உண்டுன்னு 2019 சட்டத் திருத்தம் சொல்லுது. நாம அந்த ரெண்டாயிரத்தை நினைச்சுத்தான் பயப்படுறோம். நிஜமான பயம் அந்தப் பத்து லட்சத்துல இருக்கு.

இதுல ஒரு லோக்கல் விஷயம். நம்ம விருதுநகர் மாவட்டத்தோட தலைமை நீதிமன்றம் விருதுநகர்ல கிடையாது, ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்கு. பால்கோவா வாங்க, ஆண்டாள் கோயிலுக்குன்னு போற ஊருக்கு, வாய்தா வாய்தாவா அப்பாவை அலைய விட்றாதீங்க.

ட்ரிபிள்ஸ் போறவங்க கவனத்துக்கு!

ட்ரிபிள்ஸ்ல மாட்டினா ஆயிரம் ரூபாயோட கதை முடியாது. சட்டத்துல மூணு மாசம் லைசென்ஸ் தகுதி நீக்கமும் சேர்த்தே இருக்கு. அந்த மூணு மாசத்துல வண்டியைத் தொட்டு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க லைசென்ஸ் இல்லாதவர் லிஸ்ட்டுல வந்துடுவீங்க. தண்ணி போட்டுட்டு ஓட்டினாலும் இதே கதைதான்.

ஃபர்ஸ்ட் இயர்ல இன்னும் பதினெட்டு முடியாத தம்பி, தங்கைகளுக்கு ஸ்பெஷல் எச்சரிக்கை. நீங்க மாட்டினா பெத்தவங்க அல்லது ஓனருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. வண்டி பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. உங்களுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது!

நமக்கே அடிபட்டா?

இதைத்தான் யாரும் யோசிக்கிறதே இல்லை. தேர்டு பார்ட்டி பாலிசி அடுத்தவருக்கு. நீங்களா ஸ்லிப் ஆகி விழுந்தா அதுல பைசா வராது. கூடவே வர்ற 15 லட்ச ரூபாய் விபத்து கவர் 'ஓனர் - டிரைவர்'க்கு மட்டும். வண்டி அப்பா பேர்ல, ஓட்டினது நீங்கன்னா... அது உங்களுக்கு இல்லை.

இரவல் பைக்ல போய் மாட்டு வண்டியில மோதி இறந்த ஒருத்தரோட வழக்கு, 2009-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இரவல் வாங்கி ஓட்டுறவர் ஓனர் இடத்துக்கு வந்துடறார், அதனால யார் தப்புன்னு பார்க்காமக் கொடுக்கிற நஷ்டஈட்டை அவர் குடும்பம் கேக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில, பின்னாடி ஓசியில உக்காந்து வர்ற ஃப்ரெண்டுக்கு கவர் இல்லைன்னு 2006-லயே ஒரு தீர்ப்பு இருக்கு. 'மாப்ள, ஏறுடா'ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

ஒரு டாக்டருக்கு நன்றி சொல்வோம்

புது பைக் வாங்கினா அஞ்சு வருஷத்துக்கும், காருக்கு மூணு வருஷத்துக்கும் தேர்டு பார்ட்டி சேர்த்தே கொடுக்கிறாங்க இல்லையா? கோவை கங்கா மருத்துவமனை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல சாலைப் பாதுகாப்புக்காகப் போட்ட பொதுநல வழக்குல, 2018 ஜூலையில வந்த உத்தரவு அது. 2018 செப்டம்பர் 1 முதல் அமல். ஆனா அஞ்சு வருஷம் முடியுறப்போ நாம மறந்துடறோம். அண்ணன் ஓட்டி முடிச்ச வண்டி நம்ம கைக்கு வர்ற நேரமும் பெரும்பாலும் அதுதான்!

அதனால, இந்த ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

* 'எம்பரிவாகன்' ஆப்ல வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைன்னு பாருங்க.

* பாலிசி வெறும் தேர்டு பார்ட்டியா, கம்ப்ரிஹென்சிவான்னு பாருங்க. கம்ப்ரிஹென்சிவ்னா, க்ளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு 20 சதவிகிதத்துல ஆரம்பிச்சு 50 வரை போனஸ் தள்ளுபடி ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டா பரமபத பாம்பு மாதிரி பூஜ்யத்துக்கு இறங்கிடும். சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் வேண்டாம்.

* புதுப்பிக்கிறப்போ, ஓட்டுற உங்க பேருக்கும் பின்னாடி உக்கார்றவருக்கும் விபத்து கவர் சேர்க்க முடியுமான்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க.

* பேங்க் அக்கவுன்ட் இருக்கிற, 18-லிருந்து 70 வயசுக்குள்ள இருக்கிற எல்லாரும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்துல சேரலாம். வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்துல உயிர் போனா குடும்பத்துக்கு 2 லட்சம். ரெண்டு டீ காசு பாஸ்!

அப்புறம், யாராவது ஃப்ரெண்டு சாவி கேட்டா, கொடுக்கிறதுக்கு முன்னாடி லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்க. 'ஓவரா பண்றடா'ன்னு கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும். சாவியை மட்டும் கையிலேயே வெச்சுக்கங்க!