டோட்டோரோ வீட்டு அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு போனோடு சாய்ந்திருந்தோம். ஊரிலிருந்து தங்கச்சி தன் மகனோடு வந்திருந்தாள். ஐந்து வயசு வாண்டு. “பெரியம்மா, கார்ட்டூன் போடு” என்று ஒரே நச்சரிப்பு. வெட்டுக் குத்து இல்லாத படமாக இருக்கட்டும் என்று தேடி, கடைசியில் ‘மை நெய்பர் டோட்டோரோ’வைப் போட்டேன். எனக்கு இது நாலாவது தடவை. தங்கச்சிக்கு முதல் தடவை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பார்த்தபோது நான் பாதியில் தூங்கிவிட்டேன். எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்களே என்று உட்கார்ந்தால், வில்லனைக் காணோம், சண்டையைக் காணோம், கதையைக்கூடக் காணோம்! ஒரு அப்பா, இரண்டு பெண் பிள்ளைகள். கிராமத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். ஜன்னலைத் திறக்கிறார்கள், தரையைத் துடைக்கிறார்கள், அடி பம்ப்பில் தண்ணீர் அடிக்கிறார்கள். டோட்டோரோ என்கிற அந்த குண்டு வனதேவதை வருவதற்கே அரை மணி நேரம் ஆகிறது. மொத்தப் படமே 86 நிமிடம்தான்.

இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் அந்த ‘ஒன்றும் நடக்காத’ அரை மணி நேரம் பிடிக்க ஆரம்பித்தது. ஹயாவோ மியாசாகி 1988-ல் எடுத்த படம் இது. கதை நடப்பது 1950-களில், டோக்கியோவை ஒட்டிய ஒரு கிராமத்தில். அந்த நிலக்காட்சிக்கு அவர் குடியிருந்த டோக்கோரோசாவா பகுதியின் சயாமா குன்றுகள்தான் மாதிரி. கஸுவோ ஓகா என்பவர் கலை இயக்குநர். அவர் வரைந்த வயல் வரப்புகளையும், புல்லையும், மழை வரும் முன் இருட்டுகிற வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். அந்தக் காட்டின் சில பகுதிகளை மக்கள் பணம் சேர்த்து, துண்டு துண்டாக விலைக்கு வாங்கி, இன்றைக்கும் ‘டோட்டோரோ காடு’ என்ற பெயரில் காப்பாற்றி வருகிறார்கள். ஒரு கார்ட்டூன் செய்த வேலை!

கதைக்கு வருகிறேன். பெரியவள் சாட்சுகி, பள்ளிக்கூடம் போகிறவள். சின்னவள் மே, நாலு வயசு. அம்மா ஆஸ்பத்திரியில். என்ன நோய் என்று படத்தில் யாரும் சொல்வதில்லை. மியாசாகியின் அம்மா முதுகெலும்புக் காசநோயால் பல வருஷம் படுக்கையில் கிடந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதே நடந்தது அது. ஆகவே நோயின் பெயர் தெரியாமலா விட்டிருப்பார்? குழந்தைகளுக்கு நோயின் பெயரா முக்கியம்! அம்மா வீட்டில் இல்லை என்பதுதானே முக்கியம்.

பிள்ளைகளின் பெயர்களைக் கவனியுங்கள். சாட்சுகி என்பது ஜப்பானியரின் பழைய நாட்காட்டியில் ஐந்தாம் மாதத்தின் பெயர். மே என்பதும் அதேதான், நம் காலண்டரில் இருக்கிற மே. இருவருக்கும் ஒரே பெயர்! முதலில் மியாசாகி ஒரே ஒரு பெண்ணைத்தான் கற்பனை செய்திருந்தாராம். பிறகுதான் அவளை இரண்டாகப் பிரித்து அக்கா தங்கச்சி ஆக்கினார். இப்போதும் படத்தின் போஸ்டரைப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பில் டோட்டோரோ பக்கத்தில் குடையோடு ஒரே ஒரு பெண்தான் நிற்கிறாள். அவள் சாட்சுகியும் இல்லை, மேயும் இல்லை. இருவரையும் கலந்த ஒருத்தி.

ஒரே குழந்தையை எப்படிப் பிரித்தார் தெரியுமா? அழுவதற்கு உரிமை உள்ளவள் ஒருத்தி, உரிமை இல்லாதவள் ஒருத்தி. இது எனக்கு உறைத்தது மூன்றாவது தடவையில்தான்.

சாட்சுகி காலையில் எழுந்து எல்லோருக்கும் சாப்பாடு கட்டுகிறாள். அப்பா, பாவம், மறந்துவிட்டார். நல்ல மனுஷன், பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவர், ஆனால் எப்போதும் புத்தகத்துக்குள் தலை. தங்கச்சி அடம்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டால், வகுப்பில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறாள். மழையில் அப்பாவுக்குக் குடை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள். இருட்டிவிடுகிறது. தூங்கி வழிகிற தங்கச்சியை முதுகில் சுமந்தபடி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குடையை இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரத்தில்தான் பக்கத்தில் வந்து நிற்கிறது டோட்டோரோ, தலையில் ஒரே ஒரு இலையோடு.

உலகம் முழுக்கக் கொண்டாடுகிற காட்சி இது. அப்பாவின் குடையை அதற்குக் கொடுக்கிறாள் சாட்சுகி. குடை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. மேலே மரத்திலிருந்து ஒரு சொட்டு குடைமேல் விழுகிறது. ‘டப்’. உடம்பு சிலிர்க்கிறது. இன்னொரு ‘டப்’. அந்தச் சத்தம் பிடித்துப்போய், ஒரு குதி குதிக்கிறது பாருங்கள், மரத்தில் தேங்கியிருந்த மழை மொத்தமும் கொட்டுகிறது! எங்கள் வீட்டு வாண்டு சோபாவிலிருந்து எழுந்து அவனும் ஒரு குதி குதித்தான். ஜோ ஹிசைஷியின் இசை இந்தக் காட்சியில் பெரும்பாலும் ஒதுங்கி நின்று, மழைச் சத்தத்துக்கு இடம்விடுகிறது. நம் ஊர்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு டூயட் போட்டிருப்பார்கள், போகட்டும்.

எனக்கு அந்தக் காட்சியில் இப்போது கண்ணில் படுவது வேறு. அந்தப் பெண்ணின் கை வலிக்குமே என்பதுதான். யாராவது பெரியவர்கள் வந்து அந்தச் சின்னதை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்றிருக்கிறது.

பிறகு தந்தி வருகிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வரவேண்டிய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வருவது தள்ளிப்போகிறது. மே காலை உதைத்துக்கொண்டு அழுகிறாள். சாட்சுகி கத்திவிடுகிறாள். அம்மா செத்துப்போனாலும் பரவாயில்லையா உனக்கு என்று கேட்டுவிடுகிறாள். எல்லோரும் மேயின் அழுகையைப் பற்றித்தான் பேசுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து வருவதைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி உதவிக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, சாட்சுகி வாய்விட்டு அழுகிறாள். போன தடவையும் சும்மா ஜலதோஷம், கொஞ்ச நாள்தான் என்றுதானே சொன்னார்கள், அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று. படம் முழுக்க அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வருகிறது.

அதைச் சின்னவள் நின்று பார்க்கிறாள். இதுதான் படத்தின் திருப்பம். அக்காவே அழுதால் நிலைமை மோசம் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. வெயிலில் விளைந்த காய்கறியைச் சாப்பிட்டால் அம்மாவுக்குச் சீக்கிரம் குணமாகும் என்று பாட்டி வயலில் சொல்லியிருந்தாள் அல்லவா? மே தன் கையால் பறித்த மக்காச்சோளக் கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பிக்கிறாள். பெரியவர்கள் நடக்கவே பல மணி நேரம் ஆகிற தூரம். வழி தவறிவிடுகிறது.

இந்த இடத்தில் தங்கச்சி படத்தை நிறுத்தச் சொன்னாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஆஸ்பத்திரிக் காலம் உண்டு. எனக்குப் பதினொரு வயசு, அவளுக்கு ஐந்து. அம்மாவுக்கு ஆபரேஷன், ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. அப்பா வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஒருநாள் ராத்திரி இவள் அம்மா வேண்டும் என்று அழுதபோது, “இப்படியே அழுதுட்டே இரு, அம்மா வரவே மாட்டா” என்று கத்திவிட்டேன். அம்மா திரும்பி வந்து, இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் முப்பது வருஷமாக என் தொண்டையில் முள்ளாகவே இருந்தது. அதை அவளிடம் நான் கேட்டதும் இல்லை.

அன்றைக்குக் கேட்டேன்.

“அப்படியா சொன்னே? எனக்கு ஞாபகமே இல்லக்கா” என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “நீ கொல்லையில துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி உக்காந்து அழுதியே, அது ஞாபகமிருக்கு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். அன்னைலேர்ந்து உங்கிட்ட எதுவும் கேக்கறதில்லைன்னு முடிவு பண்ணேன்” என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்துப் படத்தை ஓடவிட்டேன்.

குளத்தில் ஒரு சின்னச் செருப்பு மிதக்கிறது. ஊரே தேடுகிறது. ஓடி வந்து பார்க்கிற சாட்சுகி, அது மேயுடையது இல்லை என்கிறாள். ஆறு ஜிஸோ கற்சிலைகள் வரிசையாக இருக்கிற இடத்தில் மே தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஜிஸோ என்பது க்ஷிதிகர்ப போதிசத்துவர்தான். ஜப்பானில் குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காக்கிறவராக வணங்குகிறார்கள். முன்பு ஒரு மழையில் இதே பிள்ளைகள் ஒதுங்கி நின்றதும் ஒரு ஜிஸோ கோயிலில்தான். சாட்சுகி டோட்டோரோவிடம் ஓடுகிறாள். அது பூனை பஸ்ஸைக் கூப்பிடுகிறது. ஆமாம், பன்னிரண்டு காலோடு ஓடுகிற, உள்ளே மெத்தென்று சீட் உள்ள பூனை. அதன் நெற்றியில் உள்ள போர்டு சுழன்று, போகும் ஊர் என்ற இடத்தில் ‘மே’ என்று வந்து நிற்கும்போது யாருக்காவது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள்.

அந்தப் பிள்ளைகள் இருவரும் உண்மையில் இறந்துவிட்டார்கள், டோட்டோரோ ஒரு எமன் என்று இன்டர்நெட்டில் ஒரு கதை சுற்றுகிறது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கலாம். ஜிப்லி ஸ்டுடியோவே அதை மறுத்துவிட்டது. நம்பாதீர்கள். ஒரு குழந்தை பிழைத்தது என்பதை ஏற்றுக்கொள்ள நமக்கு ஏன்தான் இவ்வளவு கஷ்டமோ.

இத்தனைக்கும் இந்தப் படம் 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளியானபோது, இஸாவோ தக்காஹதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தோடு ஒரே டிக்கெட்டில்தான் ஓடியது. அது யுத்த காலத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகிற கதை. ஒன்று முடிந்து இன்னொன்று பார்த்த அந்த ஜப்பானிய அம்மாக்களை நினைத்துப்பார்க்கிறேன்.

கடைசியில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு எதிரே ஒரு மரக்கிளையில் அக்காவும் தங்கச்சியும். உள்ளே அம்மா அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் வெளியே காட்டிக்கொள்வதைவிட அதிகமாகச் சிரமப்பட்டிருப்பார்கள், அதிலும் சாட்சுகி சொன்னதைக் கேட்கிற பிள்ளை, அதனாலேயே இன்னும் பாவம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள். மூன்று தடவையும் இதை எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. பூனை பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

இருவரும் உள்ளே போவதில்லை. ஜன்னலோரத்தில் சோளக் கதிரை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன் தோகையில் ‘அம்மாவுக்கு’ என்று கீறியிருக்கிறது. “ஏன் பெரியம்மா உள்ள போகல?” என்றான் வாண்டு. எனக்குப் பதில் தெரியவில்லை. “அம்மா சிரிக்கிறதைப் பாத்துட்டாங்கல்ல, அது போதும்” என்றாள் தங்கச்சி.

ஒரு விஷயம். போனிலோ டிவியிலோ பார்க்கிறவர்கள் பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள். அம்மா வீட்டுக்கு வருவது அந்தப் பட்டியலுக்கு நடுவில்தான், ஒரு சில படங்களாக. காரிலிருந்து இறங்கி வருகிறாள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். எங்கள் வீட்டு டிவி வழக்கம்போல அதைச் சின்னக் கட்டமாகச் சுருக்கி, அடுத்த படம் ஐந்து நொடியில் என்று எண்ண ஆரம்பித்தது. தங்கச்சி என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, பட்டனை அழுத்தி, மறுபடி பெரிதாக்கினாள்.